கடைமடைக்கு வந்த கரண்ட்

எங்கள் குடும்பத்தில் எனக்குக் கரண்ட் டீச்சர் என்று பெயர். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மிக்சி ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும், டி.வி.யில் படம் ஆடினாலும் எனக்குத்தான் போன் வரும். நான் படித்தது வேறு, மெக்கானிக் வேலை வேறு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "கரண்ட்ட பத்தி எங்க பாப்பாவுக்குத் தெரியாதது இன்னா கீது?" என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமையடிப்பார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாலு பேர் எதிரில் பாப்பா என்று கூப்பிடுவது கூச்சமாக இருந்தாலும் அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

அண்ணன் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் வழியில் கிரஷர்கள் இருக்கின்றன. பாறையை உடைத்து ஜல்லியாக்கும் அந்த இடங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். அங்கே காற்றில் எந்நேரமும் தூள் பறந்துகொண்டிருக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று முதலாளியும் நினைத்தார், அண்ணனும் நினைத்தார். வேலை இல்லாத நாளில் ஏரிக்குக் கீழே இருந்த ஒன்றேகால் ஏக்கரில் நெல் வைப்பார். வாய்க்காலின் கடைசி நிலம் எங்களுடையது. மடையைத் திறந்தால் முதல் வயல்காரர்கள் எல்லாம் வயிறு நிறையக் குடித்த பிறகுதான் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வரும், அதுவும் கணுக்கால் நனையாத அளவுக்கு. அதனால்தான் அப்பா காலத்திலேயே அங்கே போர் போட்டு, மோட்டார் வைத்து, செங்கல்லில் ஒரு கொட்டகையும் கட்டினார்கள்.

ஐம்பத்து நான்கு வயதில் அண்ணனுக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் உட்கார்ந்திருந்தாலும் வாங்கியது. நுரையீரலில் கல்தூள் படிந்து தழும்பாகிவிட்டது, இனி அது பழையபடி ஆகாது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு முறை அங்கே சேர்த்திருந்தோம். இரண்டாம் முறை அனுப்பும்போது, இனி வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள், தூசி மட்டும் படவே கூடாது என்றார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்தேன். இடுப்புயரம் இருக்கும். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சிலிண்டர் மாற்றுகிற தொல்லை கிடையாது, கரண்ட் இருந்தால் போதும்.

தூசிதான் பிரச்சினை. அண்ணன் வீடு ரோட்டின் மேலேயே இருக்கிறது. எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடிந்ததிலிருந்து அந்த ரோட்டில் தார்ப்பாய் கூட மூடாமல் பறக்கும். காலையில் துடைத்த டி.வி. மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அவரை மோட்டார் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ரோட்டிலிருந்து வயல் வழியாக உள்ளே கால் கிலோமீட்டர் போனால் கொட்டகை. சுற்றிலும் பச்சை, தூசிக்கு வழியே இல்லை. அண்ணியும் சரி என்றார். அண்ணி மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை, அதுவும் படித்தவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால்.

கொட்டகையில் மோட்டாருக்கு இலவச சர்வீஸ் இருந்தது. அதில் வீட்டுச் சாமானை ஓட்டினால் சர்வீஸையே பிடுங்கிவிடுவார்கள், அந்தக் கரண்டும் முறை வைத்துத்தான் வரும். ஆகவே வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. களத்துக்கு, மாட்டுக் கொட்டகைக்கு என்று சவுக்குக் கழியை வரிசையாக நட்டு, வயரை அதன் மேல் கட்டிக்கொண்டே போவார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது ஊர் முழுக்க சீரியல் பல்பு போடுகிற லைட்காரர் அண்ணனுக்குக் கூட்டாளி. தன்னிடம் இருந்த மூன்று சுருள் வயரைக் கொண்டுவந்து, "எங்க அண்ணாத்தைக்கி இதுகூட செய்யலன்னா நான் இன்னா மனுசன், டீச்சர்?" என்று சும்மாவே கொடுத்தார். சுருளுக்குத் தொண்ணூறு மீட்டர். மூன்றையும் முறுக்கி இணைத்து, டேப் சுற்றி, ஒரே பகலில் இழுத்து முடித்தார். அந்த வயரில் கோயிலிலிருந்து ஏரிக்கரை வரை பல்பு எரிந்ததை ஊரே பார்த்திருக்கிறது. வயர் மெல்லிசு என்பது கையில் பிடித்தபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மிஷினைப் போட்டோம். நன்றாக ஓடியது. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் ஜன்னல் வழியாகக் கழிகளின் வரிசையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் பாப்பா, வூட்டாண்டயிருந்து இம்மாந்தூரம் வருதே, வர்ற வழியில கொறைஞ்சிடாதா? நம்ம கடைமடைக்கித் தண்ணி வர்ற கதையா ஆயிடப் போவுது."

நான் சிரித்தேன். "கரண்ட் ஒண்ணும் தண்ணி இல்லண்ணா, வழியில மண்ணு குடிக்கிறதுக்கு. அந்தப் பக்கம் எவ்ளோ போவுதோ, இந்தப் பக்கமும் அவ்ளோதான் வரும்."

லைட்காரரும் சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டு இருமினார்.

நான் சொன்னது பொய்யில்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் எந்த இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு போகும் மின்னழுத்தம் வழியெல்லாம் கரைந்துகொண்டே வரும். கம்பி நீளமாக நீளமாக மின்தடை கூடும். நீளம் இரண்டு பங்கானால் தடையும் இரண்டு பங்கு, கம்பி மெலிந்தால் இன்னும் மோசம். போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, ஆக எங்கள் மூன்று சுருளில் கரண்ட் நடக்க வேண்டிய தூரம் ஐந்நூற்று நாற்பது மீட்டர். சீரியல் பல்பு துளிக் கரண்ட்தான் எடுக்கும், அதனால் வழியில் இழப்பும் துளிதான். மிஷினுக்குள் இருப்பது மோட்டார். அது இழுக்க இழுக்க வழியில் இழப்பும் ஏறும். இதைப் பதினெட்டு வருஷமாகப் போர்டில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுந்து நின்று ஒப்பிக்க வைத்திருக்கிறேன். கடைமடையில் பிறந்து வளர்ந்தவர் படிக்காமலே சரியான கேள்வியைக் கேட்டார், நான் அவருக்கு வகுப்பெடுத்து அனுப்பினேன்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. நவரைப் போக நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் சும்மா கிடந்த நேரம் அது, ஊரில் மோட்டார்கள் ஓடவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் கிளிப்பில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று மூன்று, நான்கு என்று காட்டியது. அண்ணன் முகம் தெளிந்தது. அண்ணியிடம் நாஷ்டாவுக்கு இன்னும் இரண்டு இட்லி கேட்டாராம். நான் பண்ணியதுதான் சரி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அடுத்த போகமான சொர்ணவாரிக்கு நாற்று விட ஆரம்பித்தார்கள். காலையில் மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் ஊரில் இருக்கிற மோட்டார் அத்தனையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடத் தொடங்கின. வீடுகளில் விளக்கு மங்கும், ஃபேன் சோம்பும், வருஷா வருஷம் பழகிப்போன சங்கதி. அந்த நாட்களில்தான் அண்ணி காலையில் போன் செய்ய ஆரம்பித்தார்.

"மிஷினு கூவுது. மஞ்சா லைட்டு எரியுது. கிளிப்புல எம்பத்தஞ்சு காட்டுது."

"கிளிப் சரியா மாட்டியிருக்க மாட்டீங்க அண்ணி. பேட்டரி மாத்திப் பாருங்க" என்பேன்.

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு நான் தினமும் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு மாலையில்தான் கொட்டகைக்குப் போக முடியும். அதற்குள் மோட்டார்கள் நின்றிருக்கும். மிஷின் சத்தமில்லாமல் ஓடும், கிளிப் தொண்ணூற்று இரண்டு காட்டும். அண்ணி கிளிப்பைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்ப்பார். வாடகைக் கடைக்காரரிடம் கேட்டேன். "வோல்டேஜ் செக் பண்ணீங்களா மேடம்?" என்றார். பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வோல்டேஜ் அளக்கும் பள்ளிக்கூட ஆய்வகத்து மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சித்திரை வெயில். மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே அடுப்புக்குள் நுழைந்தாற்போல இருந்தது. ஃபேன் ஓடவில்லை. ஏன் என்று கேட்டேன். அண்ணன், "வாணாம், காத்து ஆவல" என்றார். ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் ஓடியது, மிஷினும் அதுபாட்டுக்கு ஓடியது. அது எனக்கு இன்னும் தைரியமாகப் போயிற்று.

அண்ணன் என் கையைப் பிடித்து, "என்ன வூட்டாண்டயே இட்டுகினு போயிடு பாப்பா. காலீல மிஷினு காத்தே வுடமாட்டேங்குது. பேஜாரா கீது" என்றார். அவர் ஒன்றை வேண்டும் என்று என்னிடம் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"மொதல்ல வோல்டேஜ் பாக்கறேண்ணா" என்றேன்.

கொட்டகைச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மிஷின் இருந்தது. மீட்டரின் இரண்டு முனையையும் உள்ளே விட வேண்டுமானால் மிஷினைப் பிடுங்கியாக வேண்டும். "ரெண்டே நிமிஷம்ணா, பொறுத்துக்கோ" என்று சொல்லி நானே பிடுங்கினேன். மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது. சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஃபேனையும் விளக்கையும்கூட நிறுத்தினேன். அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கண் மட்டும் என் கையிலிருந்த மீட்டரையே பார்த்தது.

"இன்னா காட்டுது?"

"இருநூத்தி இருபத்தஞ்சு."

அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பிளக்கைத் திரும்பச் செருகினேன். குழாயில் காற்று வர ஆரம்பித்து, அவருக்குப் பேச்சு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ செரி" என்றார்.

"உனக்கு மனசுல பயம்ணா. கரண்ட் நல்லா கீது, மிஷினும் நல்லா கீது. வூட்டுக்குப் போனா அந்தத் தூசியில ஒரு வாரம் தாங்க மாட்ட" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். கொஞ்சம் அதட்டியும் சொன்னேன். கடைக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்து, வோல்டேஜ் இருநூற்று இருபத்தைந்து, நானே பார்த்தேன் என்றேன். அப்படியானால் மிஷினைத்தான் பார்க்க வேண்டும், வாரக் கடைசியில் ஆள் அனுப்புகிறேன் என்றார்.

அதற்கப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை. அண்ணியும் காலையில் போன் செய்வதை நிறுத்திவிட்டார். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் திருத்திய தாள்களில் கம்பியின் மின்தடை எவற்றைச் சார்ந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. நீளம் அதிகரித்தால் மின்தடை அதிகரிக்கும் என்று எழுதியவர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் டிக் போட்டேன். ஒரு பிள்ளை நீளம் அதிகரித்தால் குறையும் என்று எழுதியிருந்தது. இதுகூடத் தெரியாமல் எப்படித்தான் பரீட்சைக்கு வருகிறார்களோ என்று பக்கத்தில் இருந்த டீச்சரிடம் காட்டி அலுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை. முகாம் அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, பையில் போட்டு வெளியே வைத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து எடுத்தபோது அண்ணியிடமிருந்து பதினோரு அழைப்புகள். கடைசி அழைப்பு லைட்காரரிடமிருந்து. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை ரோட்டோரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் பெஞ்சு மேல் கிடத்தியிருந்தார்கள். அவர் கேட்டபடி வீட்டுக்கு வந்துவிட்டார். டிப்பர்கள் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் கடந்து போயின. அந்த மரியாதையை அவர்கள் எப்போதும் சாவுக்குத்தான் கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். காலை நேரம். வயல் பக்கமிருந்து மோட்டார்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி தனக்குத்தானே பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"அந்த வெயில்ல உங்கண்ணன் ஃபேனு கூட இல்லாம கெடந்துச்சே. ஃபேனைப் போட்டா மிஷினு கூவுது, நிறுத்திடுன்னு சொல்லும். நான் அட்டையால விசிறிக்கினே இருப்பேன். லைட்டுகூடப் போட வுடாது. அதெல்லாம் நிறுத்தினா மிஷினுக்குக் கொஞ்சம் தெம்பு வருதுன்னு சொல்லும்."

"எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"நீதான் கரண்ட்டு நல்லா கீதுன்னு பாத்துச் சொன்னியே. அதுக்கு மேல பாப்பாவ தொந்தரவு பண்ணாதன்னு அதுதான் சொல்லிடுச்சி."

எழுந்து வீட்டுக்குள் போய், கைப்பையிலேயே கிடந்த ஆய்வகத்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. மோட்டார் ஓடுகிற நேரத்துக்கு அது வழக்கம்தான். வீட்டிலிருந்த மல்டி பிளக் ஒன்றை எடுத்துக்கொண்டு வயல் வழியாக நடந்தேன். சவுக்குக் கழிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கொட்டகையில் மிஷின் அப்படியே இருந்தது. கீழே உட்கார்ந்து மல்டி பிளக்கைச் செருகி, ஒரு துளையில் மிஷினையும் இன்னொன்றில் மீட்டரையும் சேர்த்து மாட்டினேன். இருபது ரூபாய்ச் சாமான் அது. ஞாயிற்றுக்கிழமை அது என் பையில் இருந்திருக்கலாம்.

மிஷினைப் போட்டதும் நூற்று ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. ஃபேனைப் போட்டேன். நூற்று ஐம்பத்து மூன்று. மஞ்சள் விளக்கு எரிந்தது, மிஷின் கூவ ஆரம்பித்தது.

கம்பியில் கரண்ட் ஓடினால்தான் கம்பி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் கம்பி எத்தனை நீளமாக இருந்தாலும் ஒன்றுமே குறையாது. ஊர் மோட்டார்கள் நின்றிருந்த மத்தியானத்தில், மிஷினைப் பிடுங்கிவிட்டு, ஃபேனையும் விளக்கையும் அணைத்துவிட்டு அளந்தவள் நான். அவர் மூச்சை நிறுத்தித்தான் அந்த இருநூற்று இருபத்தைந்து எனக்குக் கிடைத்தது. அவரோ கொளுத்தும் வெயிலில் ஃபேனை நிறுத்தியும் போட்டும் காது கொடுத்துக் கேட்டு, ஆய்வகத்தில் நாங்கள் செய்வதைவிட ஒழுங்காகச் செய்து, விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டு மீட்டர் பக்கத்தில் போய்ப் படுத்திருந்தால் அந்த மாதத்தை அவர் கடந்திருப்பார். தூசி அவரை அப்புறம் கொன்றிருக்கலாம். அந்த வியாழக்கிழமை கொன்றது நான் இழுக்கச் சொன்ன வயர்.

அண்ணி என் பின்னாலேயே வந்திருக்கிறார். வாசலில் நிழல் விழுந்தது. மிஷின் கூவுவதைக் கேட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா காட்டுது?" என்றார்.

மீட்டரின் முகத்தை என் புடவை மீது கவிழ்த்துக்கொண்டேன்.

"இருநூத்தி இருபத்தஞ்சு" என்றேன்.

அண்ணி மனசு உடைந்துவிடக் கூடாதே என்று சொன்ன பொய் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். எனக்காகத்தான் சொன்னேன். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

"அப்போ செரி" என்றார் அண்ணி. "மிஷினுதான் கெட்டுப்பூட்ச்சி. நீ இன்னா பண்ணுவ? நீதான் அன்னிக்கே வந்து பாத்தியே."

கிட்டே வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மிஷினை நிறுத்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அது கூவிக்கொண்டே இருந்தது.